ரிங் ஆஃப் கெர்ரியா, டிங்கிளா? அயர்லாந்தின் பச்சையைக் காரில் பார்க்க எந்தச் சாலை?

அயர்லாந்தின் தென்மேற்கு மூலைக்குக் காரில் போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் குழப்பம்தான் இது. ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச்சாலை, டிங்கிள் தீபகற்பம், இரண்டும் கெர்ரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன, நடுவில் ஒரு வளைகுடா, இந்தக் கரையில் நின்றால் அந்தக் கரை மலை தெரியும். ஆனால் இரண்டிலும் பார்க்கிற பச்சை ஒன்றல்ல.

ரிங் ஆஃப் கெர்ரி கிட்டத்தட்ட 180 கிலோமீட்டர். கில்லார்னியில் கிளம்பி அங்கேயே திரும்பி வர ஒரு முழுநாள் ஆகும். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றில் போவது வழக்கம். நாங்களும் அப்படியே போய், முதல் பாதி முழுக்க ஒரு பேருந்தின் முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தோம். போதாததற்கு அங்கே நம்மைப் போலவே சாலையின் இடதுபக்கம்தான் ஓட்டவேண்டும், அந்தச் சுற்றிலோ கடல் வலப்பக்கம் வருகிறது, அதனால் இடது இருக்கையில் உட்கார்ந்திருந்த என் மனைவிக்குப் பெரும்பாலும் வேலிச்செடிதான் தரிசனம். மறுபக்கமாகச் சுற்றினால் கடல் கைக்கெட்டும் பக்கம் வரும், ஆனால் குறுகிய வளைவுகளில் அத்தனை பேருந்துகளும் எதிரே வரும். வாட்டர்வில்லைத் தாண்டியபின் பச்சை குறைந்து பழுப்புச் சதுப்பும் பாறையுமாக நிறம் மாறுகிறது. பச்சை தேடி வந்தவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான்.

கடைசி 30 கிலோமீட்டர் மட்டும் வேறு கதை. கென்மேரிலிருந்து மால்ஸ் கேப் என்ற கணவாய் ஏறி, லேடீஸ் வியூ என்ற காட்சிமுனை வழியாக இறங்கும்போது கீழே ஏரிகள், அப்புறம் சாலையை மூடுகிற கருவாலி (ஓக்) மரங்கள், மரத்தண்டு, பாறை என்று எதையும் விடாமல் படர்ந்த பாசி. 1932இல் உருவான கில்லார்னி தேசியப் பூங்கா இது, நாட்டின் முதல் தேசியப் பூங்கா. இருட்டான, ஈரமான பச்சை. கண்ணாடியை இறக்கினால் மண்வாசனை காருக்குள் வந்துவிடும்.

டிங்கிள் பக்கம் வந்தால் பச்சை வெளிச்சமாகிவிடுகிறது. அங்கே சுற்றிவருகிற சாலையான ஸ்லே ஹெட் டிரைவ் 50 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் நாங்கள் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார்கள். இங்கே கடிகாரச் சுற்றுதான் வழக்கம், கடல் இடப்பக்கம். கல்சுவர் கட்டிப் பிரித்த சின்னச் சின்ன வயல்கள் மலைச்சரிவிலிருந்து பாறை விளிம்பு வரை இறங்குகின்றன, அதற்குக் கீழே நேராக அட்லாண்டிக். மேகம் நகர நகர ஒரு வயல் எலுமிச்சை நிறமாகவும் பக்கத்து வயல் கரும்பச்சையாகவும் மாறிக்கொண்டே இருக்கும். கோடையில் வேலியோரம் ஃபூஷியா பூ சிவப்பு ஜிமிக்கி போலத் தொங்கும். எதிரே பிளாஸ்கெட் தீவுகள். பெரிய தீவில் மிஞ்சியிருந்தவர்களை 1953இல் கரைக்குக் குடியேற்றிவிட்டார்கள், கூரையில்லாத வீடுகள் இன்னும் நிற்கின்றன. சாலைப் பலகைகள் ஐரிஷ் மொழியில், அதனால் வரைபடத்தில் ஆங்கிலப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால் தடுமாறுவீர்கள்.

குறை இல்லாமல் இல்லை. சாலை மிகக் குறுகல், சில இடங்களில் எதிரே கார் வந்தால் ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே ஆகவேண்டும். எங்கள் வாடகைக் காரின் பக்கக் கண்ணாடி வேலியில் உரசியது இங்கேதான். வழிவிட்டால் எதிரே வருகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி நன்றி சொல்வார், இரண்டாவது மணி நேரத்தில் நமக்கும் அந்தப் பழக்கம் தொற்றிவிடும்.

டப்ளினிலிருந்து மோட்டார்வேயில் வரும்போதே பச்சை பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் தெரிவது பெரும்பாலும் சாலையோர மண்மேடுதான்.

ஒரே நாள்தான் என்றால் யோசிக்காமல் டிங்கிள். இரண்டு நாள் இருந்தாலும் ரிங்கை முழுசாகச் சுற்றமாட்டேன், கில்லார்னியிலிருந்து மால்ஸ் கேப் வரை ஏறி அதே வழியில் திரும்பிவிடுவேன். மழை வருமா என்று மட்டும் பார்க்காதீர்கள், வரும்.