டிஸ்க் கெடவில்லை, கேபிள் விடவில்லை

வீட்டுக் கணினிக்கு எந்த வெளி ஹார்டு டிஸ்க் வாங்கலாம் என்று மைத்துனர் கேட்டது, என் டிஸ்க்கை சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்த்து வாங்கி வந்த மறுநாள். ஆகவே என் பதிலில் எரிச்சல் சற்றுத் தூக்கலாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

2018இல் வாங்கிய 2 டிபி டிஸ்க் அது. இத்தனை ஆண்டுகளில் ஒரு புகைப்படத்தைக்கூட அது தொலைத்ததில்லை. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பார்த்தால், பழுதாகி மாற்றப்பட்ட செக்டார்கள், அதாவது தரவு பதியும் சிறு பகுதிகள், இன்றும் பூஜ்யம்தான். இதற்கு மேல் ஒரு ஹார்டு டிஸ்க்கிடம் கேட்க ஒன்றுமில்லை.

என்னைப் படுத்தியதெல்லாம் அதன் மைக்ரோ-பி கேபிள். அகலமாக, தட்டையாக, இரண்டு முனைகளை ஒட்டவைத்தது போன்ற அந்த முனையில், ஒரு பாதி பழைய யூஎஸ்பி 2. மற்றொரு பாதிதான் யூஎஸ்பி 3 வேகத்தைத் தருவது. அந்த இரண்டாம் பாதி சரியாகப் பொருந்தாவிட்டால் டிஸ்க் எதுவும் சொல்லாமல் பழைய வேகத்திலேயே ஓடும். எட்டு நிமிடத்தில் முடிய வேண்டிய 50 ஜிபி நகல் அரை மணி நேரத்தை நெருங்கும்போதுதான் நமக்கே விஷயம் புரியும். நகல் எடுக்கும் நடுவில் மேசையைத் தொட்டுவிட்டாலோ, விண்டோஸ் 'டடங்' என்று ஒலியெழுப்பி இணைப்பைத் துண்டித்துவிடும். பேருந்துச் சீட்டை நான்காக மடித்து முனைக்கு அடியில் செருகி, மேலே ரப்பர் பேண்டு சுற்றித்தான் கடைசி இரண்டு ஆண்டுகளை ஓட்டினேன்.

சென்ற மாதம் அந்தக் கேபிளைச் செருகும் துளையே டிஸ்க்கின் போர்டிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே, டிஸ்க்குகளைக் கணினிக்குள் பொருத்தும் வழக்கமான சாட்டா இணைப்பு இருக்கும், வேறு உறையில் மாட்டிக்கொள்ளலாம் என்ற தெம்பில் கடைக்குப் போனால், யூஎஸ்பி துளை டிஸ்க்கின் போர்டிலேயே நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது. இந்த வகைக் கையடக்க டிஸ்க்குகள் பலவும் இப்படித்தான் வருகின்றன. லென்ஸ் விளக்கின் கீழ் கடைக்காரர் புதுத் துளையைப் பற்றவைத்து முடிக்கும்வரை, பேக்கப் என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒரே டிஸ்க்கில் குவித்து வைத்திருந்த என் புத்திசாலித்தனத்தை நினைத்துக்கொண்டு நின்றேன். வாரண்டி இருந்திருந்தாலும் புது டிஸ்க்தான் கிடைத்திருக்கும், படங்கள் கிடைத்திருக்காது.

மைத்துனரிடம், டைப்-சி துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது தனி உறையும் சாட்டா டிஸ்க்கும் சேர்த்து வாங்குங்கள், இந்த மாடலின் பக்கமே போகாதீர்கள் என்று கறாராகச் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார்.

நேற்று இரவு, இரண்டாவது நகல் வைத்துக்கொள்ள, அதே மாடலில் இன்னொன்றை நான் ஆர்டர் செய்துவிட்டேன். கூடவே உபரிக் கேபிள் இரண்டு.