14 பேரின் உகாண்டா மிஷன் பயணம், 30,100 டாலர் போச்சு: பிஎன்ஆர் தாளைப் பார்த்து ஏமாறாதீர்கள்

30,100 டாலர். 14 பேர், தலைக்கு 2,150. இந்த வாரம் உகாண்டாவில் இருந்திருக்க வேண்டிய குழு இது. விமானம் கிளம்பிப் போய்விட்டது. அதில் எங்கள் பெயரில் ஒரு டிக்கெட்கூடப் போடப்படவில்லை.

பணத்தை வாங்கியவர், சபைக் குழுக்களுக்கு மட்டும் குறுகிய கால ஊழியப் பயணம் ஏற்பாடு செய்வதாகச் சொல்லிக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டாளர். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் நடந்த விதம் எல்லாச் சபைகளுக்கும் தெரிந்தாக வேண்டும், ஏனென்றால் இதே பிஎன்ஆர் தாளை, அதாவது வெறும் விமான முன்பதிவுத் தாளைக் காட்டி இன்னொரு குழுவிடம் இதே பணத்தை நாளைக்கே வாங்க முடியும். எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கணக்கு. விமானக் கட்டணம் 1,280. பத்து இரவு தங்குமிடம், சாப்பாடு, வேன் எல்லாம் சேர்த்து 650. விசா 50, காப்பீடு 60, மருத்துவ முகாமுக்கான மருந்து 110. ஆக 2,150. இதில் முதல் 300 டாலரை மட்டும் கார்டில் வாங்கினார்கள். மீதி 1,850க்கு, "கார்டில் கட்டினால் கமிஷன் போகும், அந்தப் பணம் ஊழியத்துக்குப் போகட்டுமே" என்று சொல்லி வங்கிப் பரிமாற்றம் கேட்டார்கள். பணம் போன கணக்கு நிறுவனத்தின் பெயரில் இல்லை, ஒரு தனிமனிதரின் பெயரில் இருந்தது. 14 பேரின் 1,850, அதாவது 25,900 டாலர், அந்த ஒரே கணக்குக்குப் போனது. வங்கிப் பரிமாற்றம் எதிர்க் கணக்கில் ஏறிவிட்டால், அந்தக் கணக்குக்காரர் சம்மதிக்காமல் வங்கியால் திருப்பி இழுப்பது மிகவும் கடினம். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊழியத்துக்கு மிச்சம் பிடிப்பது என்பது சாக்கு.

நம்பிக்கை விழுந்த இடம் எது என்று கேட்டால், ஜெபமோ பழைய பயணங்களின் புகைப்படமோ அல்ல. அவையும் இருந்தன. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்னால் நின்று சாட்சி சொன்னார்கள், போதகரோடு கைகோத்து ஜெபித்தார்கள். ஆனாலும் கடைசித் தவணையைக் கட்ட வைத்தது ஒரு தாள்தான். 14 பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே ஓர் எழுத்துப் பிழையில்லாமல் இருந்தன. எண்டெபி விமான நிலையத்துக்குப் போக வர விமான எண், தேதி, நேரம். மேலே ஆறு எழுத்தில் பிஎன்ஆர் என்ற முன்பதிவு எண். "நம்ப வேண்டாம், நீங்களே விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பாருங்கள்" என்றார்கள். போட்டோம். பெயர்கள் வந்தன, விமானம் வந்தது, கன்பர்ம்ட் என்றும் வந்தது. அன்று இரவே எல்லோரும் பணம் அனுப்பினார்கள்.

அந்தத் தாளில் உண்மை அப்படியே எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆளில்லை. பெயர்களுக்குக் கீழே, விமான வரியின் ஓரத்தில் எச்கே (HK) என்று இரண்டு எழுத்து. இருக்கை பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். பணம் கட்டியாயிற்று என்று பொருள் இல்லை. அதற்குக் கீழே டிகே டிஎல் (TK TL) என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு தேதி. அந்தத் தேதிக்குள் டிக்கெட் போடவில்லை என்றால் விமான நிறுவனத்தின் கணினி இருக்கைகளைத் தானாகவே விடுவித்துவிடும். எங்கள் தாளில் அந்தத் தேதி மூன்றே நாள் தள்ளி இருந்தது. டிக்கெட் எண் வர வேண்டிய இடம் காலி.

டிக்கெட் என்றால் 13 இலக்க எண். முதல் மூன்று இலக்கம் விமான நிறுவனத்தின் குறியீடு, அடுத்த பத்து வரிசை எண். ஒருவருக்கு ஓர் எண், 14 பேருக்கு 14 எண். அந்த எண் இல்லாத எந்தத் தாளும், எத்தனை லோகோ போட்டிருந்தாலும், வெறும் முன்பதிவுத் தாள்தான். இப்படி இருக்கை பிடித்து வைக்க ஏற்பாட்டாளருக்கு ஒரு காசும் செலவில்லை. காலையில் பிடித்து, உங்களிடம் காட்டி, பணம் வாங்கி, மூன்று நாளில் அது தானாகவே கலைந்து போக விட்டுவிடலாம். எங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொரு தடயமும் கண் முன்னாலேயே இருந்தது. எங்களுக்கு வந்தது ஒரு பிஎன்ஆர் அல்ல, இரண்டு. ஒன்றில் 9 பேர், மற்றதில் 5 பேர். காரணம் கேட்டதற்கு "சிஸ்டம் அப்படித்தான் பிரிக்கும்" என்றார்கள். சாதாரண முன்பதிவில் ஒரு பிஎன்ஆருக்கு 9 பேர்தான் அதிகபட்சம் என்பது உண்மை. ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ போகும் குழுவுக்கு விமான நிறுவனங்களில் குழுப் பிரிவு என்றே தனியாக உண்டு. முன்பணம் கட்டி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஒரே குழு பிஎன்ஆரில் விலையை நிறுத்தி வைப்பார்கள். பெயர்ப் பட்டியலைக்கூடப் பிறகு கொடுக்கலாம். "குழுக் கட்டணம் பேசி முடித்துவிட்டோம்" என்று எங்களிடம் சொன்னவர் கையில் 9, 5 என்று பிரிந்த சாதாரண பிஎன்ஆர் இருந்தது. அப்படியானால் குழு ஒப்பந்தம் போடப்படவே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் 25,900 டாலராவது மிஞ்சியிருக்கும்.

விசாவிலும் அதே கதை. உகாண்டா சுற்றுலா விசா இணையத்தில் எடுப்பது, ஒரு முறை நுழைய 50 டாலர். விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் பக்கம், புகைப்படம் இவற்றோடு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழையும் ஏற்ற வேண்டும். "14 பேருக்கும் விண்ணப்பித்துவிட்டோம்" என்று அவர்கள் சொன்ன நாளில் எங்களில் எட்டுப் பேர் ஊசியே போட்டிருக்கவில்லை. மீதி ஆறு பேரிடமும் சான்றிதழின் நகலை யாரும் கேட்டதில்லை. பிறகு எதை ஏற்றி விண்ணப்பித்தார்கள்? கேட்டபோது "அங்கே இறங்கியதும் போட்டுக்கொள்ளலாம்" என்று பதில் வந்தது. அதை நம்பிக் கிளம்ப முடியாது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும். சான்று இல்லாதவரை விமானத்தில் ஏற்றவே மறுக்கலாம். ஒரே ஆறுதல், 2016 ஜூலையிலிருந்து அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும் என்பதால் போட்ட ஊசியாவது வீணாகவில்லை.

காப்பீட்டுக்குக் கட்டிய 60 டாலருக்கு பாலிசி எண் கடைசி வரை வரவில்லை. மருந்துப் பட்டியல் என்று ஒன்று வந்தது: மருந்தின் பெயரும் எண்ணிக்கையும் மட்டும். பேட்ச் எண் இல்லை, காலாவதித் தேதி இல்லை. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். உகாண்டாவுக்குள் மருந்து கொண்டுபோக அந்நாட்டின் தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். வெளிநாட்டு மருத்துவர் அங்கே நோயாளியைத் தொட வேண்டுமென்றால் அவர்களுடைய மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வேண்டும். "ஆளுக்கு ஒரு பெட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொன்ன ஏற்பாட்டாளர், பயணம் நடந்திருந்தால் எங்களைச் சுங்கத்தில் மாட்டிவிட்டிருப்பார்.

நிகழ்ச்சி நிரலில் நான்கு நாள் ஒரு குழந்தைகள் இல்லத்தில் என்று போட்டிருந்தது. பணம் போனதைவிட இதுதான் இப்போது அதிகம் உறுத்துகிறது. அங்கே இப்படிப்பட்ட இல்லம் நடத்த, பாலினம், தொழிலாளர் மற்றும் சமூக மேம்பாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் தேவை. அந்தச் சான்றைக் கேட்டோம், "அங்கெல்லாம் அது வழக்கமில்லை" என்றார்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பல பிள்ளைகளுக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக் குழுக்கள் வந்து பணம் கொடுப்பதாலேயே பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து இல்லத்தில் நிரப்புவதும் நடக்கிறது. ஐநா பொதுச்சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானம் இப்படி இல்லங்களுக்குத் தன்னார்வலர்கள் போய் வருவதால் வரும் தீங்குகளைத் தடுக்கவும் சொன்னது. நல்லது செய்யப் போகிறோம் என்ற நினைப்பிலேயே அந்தக் கேள்வியை நாங்கள் அழுத்திக் கேட்கவில்லை.

இனி தட்டிக்கழித்த கதை. பயணத்துக்கு 12 நாள் இருக்கும்போது ஒருவர் இருக்கை தேர்ந்தெடுக்கத் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டார். அப்படி ஒரு முன்பதிவே இல்லை என்று வந்தது. அடுத்ததைப் போட்டார், அதுவும் இல்லை. ஏற்பாட்டாளரைக் கூப்பிட்டால் முதல் நாள் "சர்வர் பராமரிப்பு, பிரதர்." இரண்டாம் நாள் "குழு என்பதால் புது பிஎன்ஆர் வரும்." நான்காம் நாள் "விசா வந்த பிறகுதான் டிக்கெட் போடுவோம்." ஆறாம் நாள் பேச்சு அப்படியே மாறியது: டிக்கெட் போட்டாயிற்று, ஆனால் விமான நிறுவனம் ரத்து செய்துவிட்டது, அது பணம் திரும்பாத டிக்கெட், 45 நாள் பொறுங்கள். போடாத டிக்கெட்டை எப்படி ரத்து செய்வார்கள்? பணம் திரும்பாத டிக்கெட்டிலும் பயன்படுத்தாத வரிகளைப் பல விமான நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. 14 டிக்கெட் எண்களைக் கொடுங்கள், நாங்களே கேட்டுக்கொள்கிறோம் என்றோம். இன்று வரை ஓர் எண்ணும் வரவில்லை.

உகாண்டாவில் எங்களை ஏற்பதாக இருந்தது முகோனோ பக்கம் ஒரு சபை. அதன் போதகரிடம் ஒருமுறை காணொளியில் பேச வைத்திருந்தார்கள், ஆனால் அவர்களுடைய போனில். எண்ணைக் கேட்டால் "எல்லாம் எங்கள் வழியாகப் போனால்தான் குழப்பம் வராது" என்றார்கள். அந்தச் சபையை நாங்களே தேடிப் பிடித்துப் பேசினோம். ஒரு குழு வரக்கூடும் என்ற தகவல் மட்டும் வந்ததாம். தேதி தெரியாது, பணம் ஒரு டாலரும் வரவில்லை. அவர்களுடைய விருந்தினர் வீட்டில் இருப்பதே ஆறு கட்டில். பாவம், அந்த மனிதர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

கடைசியாக ஏற்பாட்டாளரிடமிருந்து வந்த செய்தி இதுதான்: கர்த்தர் இந்தக் கதவை அடைத்திருக்கிறார்; விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போகக் கூடாது, 1 கொரிந்தியர் 6ஐ வாசியுங்கள். வாசித்தோம். அதே அதிகாரத்தின் 8ஆம் வசனம், சகோதரருக்கே அநியாயமும் நஷ்டமும் செய்கிறவர்களைக் கண்டிக்கிறது. அதை அனுப்பினோம். அன்றோடு எண் பிளாக். 30,100 டாலரில் பல பிள்ளைகளின் உண்டியல் பணம் இருக்கிறது, ஒரு விதவைத் தாயார் தன் மகனுக்காகக் கட்டிய 2,150ம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வேதத்தைக் காட்டி வாயை அடைக்கப் பார்க்கிறார்கள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னோம். வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் அலைந்துகொண்டிருக்கிறோம், அதனால் இப்போதைக்கு இவ்வளவுதான். தனிமனிதர் கணக்குக்கு அனுப்பாதீர்கள், யார் ஜெபித்தாலும் சரி. 13 இலக்க டிக்கெட் எண் ஒவ்வொருவர் கைக்கும் வந்த பிறகே விமானப் பணத்தின் மீதியைக் கொடுங்கள். வந்ததும் விமான நிறுவனத்துக்கே போன் போட்டு எண்ணைச் சொல்லிச் சரிபாருங்கள், பிறகு வாரம் ஒருமுறை மறுபடி பாருங்கள். 10 பேரோ அதற்கு மேலோ என்றால் குழு ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். விசாவை அரசுத் தளத்தில் நீங்களே எடுங்கள், அரை மணி நேர வேலை. ஏற்கும் சபையோடு நேரடியாகப் பேசுங்கள், தங்கும் பணத்தை அங்கேயே கட்டுங்கள்.

ஏற்கெனவே கார்டில் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் இன்றே வங்கியில் டிஸ்ப்யூட், அதாவது சேவை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்ற முறையீடு, போடுங்கள். சேவை கிடைத்திருக்க வேண்டிய நாளிலிருந்து பொதுவாக 120 நாள்தான் அவகாசம். "45 நாள் பொறுங்கள்" என்று திரும்பத் திரும்பச் சொல்வது அந்த அவகாசத்தைத் தின்னத்தான். எங்கள் 14 பேரின் 300, மொத்தம் 4,200 டாலருக்கு நேற்றுத்தான் போட்டிருக்கிறோம்.