ஆல்டோவுக்குத் தட்டை வீல் கப்: எட்டு மாதம் ஓடிப் பார்த்தபின்

2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாட்டின்போது கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் பெற்றோல் வாங்கின நாளிலிருந்து, என் ஆல்டோ காரின் சில்லுகளைத் தட்டையான தட்டால் மூடிப் பார்க்கவேண்டும் என்று எனக்கு யோசனை. சில்லுகள் சுழலும் இடத்தில் குழம்புகிற காற்றும் காரைப் பின்னுக்கு இழுக்கிறது. அமெரிக்காவின் பொனவில் உப்பு வெளியில் வேகத்துக்காக ஓடுகிறவர்கள் சில்லை மொழுமொழு என்று மூடிவிடுவதும் அதற்குத்தான்.

முதலில் விளம்பரப் பலகைக்குப் பாவிக்கிற நெளி பிளாஸ்டிக்கில் வெட்டி, கேபிள் டையால் ரிம் துளைகளோடு கட்டினேன். மூன்றாம் கிழமை ஓட்டமாவடிக்குக் கிட்ட முன் இடப்பக்கத் தட்டு கழன்று பறந்தது, பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர் வெட்டித் திருப்பித்தான் தப்பினார். அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை. கேபிள் டையை மட்டும் நம்பி ஒருவரும் பூட்டவேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

அப்புறம் ஆரையம்பதியில் டிங்கரிங் செய்கிற ஒரு பெரியவரிடம் போனேன். "பழைய வீல் கப்பை எறியாத மனே, அதுக்கு மேலயே பூட்டுவம்" என்றார். முழு வேலையும் அந்த ஒரு வார்த்தையில் சரியாகிவிட்டது. ஒரு மில்லிமீற்றர் அலுமினியத் தகடு, ஒவ்வொரு கப்புக்கும் ஆறு ஸ்டெயின்லெஸ் போல்ட், பின்னால் நைலோன் நட். போல்ட்டுக்குக் கீழே கறுப்பு ரப்பர் வாசர் வைத்தார், எங்கள் உப்புக்காற்றில் இரண்டு உலோகமும் ஒட்டிக் கிடந்தால் அலுமினியம் பொரிந்து போகுமாம். விளிம்பை விரல் வைத்துத் தடவித் தடவி அரம் போட்டார், காற்றடிக்கிற வால்வுக்கு ஒரு துளையும் விட்டார். இன்றுவரை ஒரு சத்தம் இல்லை, ஒரு போல்ட் இளகவில்லை.

பெற்றோல்? டவுனுக்குள் ஓடினால் ஒன்றுமே மிஞ்சாது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கிற காற்றுத் தடை 70இல் மூன்று மடங்கு, அதனால் பொலன்னறுவைப் பக்கம் நீளமாகப் போகும்போதுதான் கொஞ்சம் தெரிகிறது, அதையும் எதிரே கச்சான் காற்று அடித்தால் காணமுடியாது. காசு மிச்சம் பிடிக்க மட்டும் செய்கிறவர்கள் முதலில் டயருக்குச் சரியாகக் காற்றடியுங்கள்.

பிரேக்தான் கவனம், சில்லை மூடினால் அதைக் குளிரவைக்கிற காற்றும் குறையும். செங்கலடியிலிருந்து பதுளை வீதியால் ஏறி, லுணுகலை இறக்கத்தில் திரும்பி வந்து நிறுத்தினபோது முன் சில்லுப் பக்கம் கை வைக்கமுடியாத சூடு, கருகின மணமும். இப்போது மலைக்குப் போவதென்றால் பிபிலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் முன் இரண்டையும் கழற்றி டிக்கியில் போட்டுவிடுவேன், பின் இரண்டும் அப்படியே இருக்கும்.