பாங்காக் அரண்மனை மதிலோரம் தேடி வந்த நட்பு: தனியாகப் பயணம் செய்வோருக்கு ஓர் எச்சரிக்கை

கடந்த 2024 டிசம்பரில் பாங்காக்கில், மூன்று மணி நேரத்திற்குள், 38,000 பாட் பணத்தை, நம் கணக்கில் ஏறத்தாழ 94,000 ரூபாயை, ஒரு நீலக்கல்லுக்காக என் கையாலேயே கொடுத்து ஏமாந்தேன். யாரும் என்னை மிரட்டவில்லை, பையைப் பறிக்கவில்லை, மூன்று பேர் என்னிடம் அன்பாகப் பேசினார்கள், அவ்வளவுதான். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு வந்ததிலிருந்து நம் ஊர்களிலிருந்து தனியாகத் தாய்லாந்து போகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதைப் படித்துத் தப்ப வேண்டும் என்பதற்காகவே, சொல்லக் கூச்சமாக இருந்தாலும், நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் கோவையில் ஒரு கல்லூரியில் கற்பிக்கிறேன். பத்து ஆண்டுகளாக விடுமுறை நாட்களில் தனியாகவே பயணம் செய்கிறேன். ஊர்களைப் பார்ப்பதைவிட மனிதர்களோடு பழகுவதற்காகவே போகிறேன் என்றுகூடச் சொல்லலாம். ஹம்பியில் மாதங்க மலை மேல் சூரியன் மறைவதைப் பார்க்க என் அருகில் அமர்ந்திருந்த ஒரு பெண்மணி இன்றும் எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் தோழி. ஆகவே, முன்பின் தெரியாதவர் புன்னகைத்தால் பதிலுக்குப் புன்னகைப்பதுதான் என் வழக்கம்.

அன்று புதன்கிழமை. காலை பத்து மணியளவில் சனாம் சாய் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, வாட் போ கோவிலைக் கடந்து, கிராண்ட் பேலஸ் அரண்மனையின் வெள்ளை மதிலையொட்டி நடந்துகொண்டிருந்தேன். அந்த மதிலின் மொத்தச் சுற்றளவு ஏறத்தாழ 1,900 மீட்டர். பார்வையாளர்களுக்கான வாயில் வடக்கே நா பிரா லான் சாலையில் இருக்கிறது. தெற்கிலிருந்து வருபவர் கண்ணில் முதலில் படுபவை பூட்டிய கதவுகளே. அந்த இடத்தில்தான், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையணிந்த, அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர் என் அருகில் வந்து, எந்த நாடு என்று விசாரித்தார். தாம் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் என்றார். நானும் ஆசிரியை என்றதும் முகம் மலர்ந்து கைகூப்பினார். அரண்மனையில் இன்று துறவிகளுக்கான வழிபாடு நடப்பதால் பிற்பகல் ஒன்றரை மணிக்குத்தான் திறப்பார்கள் என்றும், அதுவரை வீணாகக் காத்திருக்க வேண்டாம் என்றும் சொல்லி, என் வரைபடத்தில் மூன்று இடங்களைப் பேனாவால் வட்டமிட்டார். அருகில் நின்ற டுக்டுக் ஒன்றை, அதாவது நம் ஆட்டோ போன்ற மூன்று சக்கர வண்டியை, அழைத்து, மூன்று இடங்களுக்கும் சேர்த்து 20 பாட் என்று பேசிக் கொடுத்தார். தமக்கென்று எதுவும் கேட்கவில்லை. அதனாலேயே அவரை நம்பினேன்.

உண்மையில் கிராண்ட் பேலஸ் வழக்கமாக எல்லா நாட்களிலும் காலை 8.30 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்திருக்கும். அன்றும் திறந்தே இருந்தது.

டுக்டுக் என்னை ஒரு சிறிய புத்த கோவிலில் இறக்கிவிட்டது. உள்ளே கூட்டமில்லை. புத்தர் சிலை முன் என் வயதையொத்த ஒரு பெண் மண்டியிட்டு அமர்ந்திருந்தார். வணங்கி முடித்துத் திரும்பியவர், ஊதுவத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு மண்டபப் படியில் அமர்ந்து அரை மணி நேரம் பேசினோம். தாம் சிங்கப்பூரில் செவிலியாக வேலை செய்வதாகவும், தாயின் உடல்நிலை காரணமாக ஊருக்கு வந்திருப்பதாகவும் சொன்னார். என் அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி நான் சொன்னேன். உரித்த பொமெலோ பழச்சுளைகளைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்துத் தந்தார். லைன் என்ற குறுஞ்செய்திச் செயலியில் எண்களைப் பரிமாறிக்கொண்டோம். சிங்கப்பூர் வந்தால் தம் வீட்டில்தான் தங்க வேண்டும் என்றார். இந்த மோசடியில் நான் இழந்த பணத்தைவிட, இந்த அரை மணி நேரம்தான் இன்னமும் உறுத்துகிறது.

எழுந்துகொள்ளும் நேரத்தில்தான், போகிற போக்கில் சொல்வதுபோல, நீலக்கல் பேச்சு வந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் மட்டும் அரசு ஏற்றுமதி வரியை நீக்குவதாகவும், இன்று கடைசி நாள் என்றும், தாம் சென்ற முறை வாங்கிப்போன கற்களைச் சிங்கப்பூரில் இரட்டிப்பு விலைக்கு விற்றதாகவும் சொன்னார். நான் எதையும் வாங்குவதாகச் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் டுக்டுக் ஓட்டுநர் நான் கேட்காமலே அடுத்து நிறுத்திய இடம் ஒரு நகைக்கடை. அங்கிருந்த மேலாளரும், மதிலோரத்து ஆசிரியரும், கோவிலில் சந்தித்த தோழியும் ஒருவரையொருவர் அறியாதவர்கள் என்று நான் எண்ணியதால், மூவர் சொன்னதும் ஒத்துப்போனதே போதுமான சான்றாகிவிட்டது. மேலாளர் நவரத்தினத்தைப் பற்றிப் பேசினார். தாய்லாந்து அரச மரபிலும் ஒன்பது மணிகளுக்குத் தனி மதிப்புண்டு என்று நான் முன்பே படித்திருந்தேன். அதனால் அவர் பேச்சு இயல்பாகவே பட்டது. சான்றிதழோடு கல்லை ஒரு பிளாஸ்டிக் உறையில் முத்திரையிட்டு, ஊர் போய்ச் சேரும்வரை பிரித்தால் உத்தரவாதம் செல்லாது என்றார். அங்கேயே வேறு யாரிடமும் காட்டி விலை கேட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த முத்திரை என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. அட்டையை நீட்டினேன், ரகசிய எண்ணை நானே அழுத்தினேன்.

அன்றிரவு விடுதி வரவேற்பில் இருந்த பெண்ணிடம், எனக்குக் கிடைத்த புதிய தோழியைப் பற்றி மகிழ்ச்சியோடு சொன்னேன். டுக்டுக், 20 பாட் என்றதுமே அவர் முகம் வாடிவிட்டது. கல் வாங்கினீர்களா என்று மட்டும் கேட்டார். அந்தத் தோழிக்குச் செய்தி அனுப்பினேன். இன்றுவரை பதில் இல்லை.

20 பாட்டுக்கு நகரைச் சுற்றினால் எரிபொருளுக்கே கட்டாது. கடை வாசலில் ஆளை இறக்கிவிடும் ஓட்டுநர்களுக்குக் கடைக்காரர்கள் எரிபொருள் கூப்பனோ தரகுப் பணமோ கொடுக்கிறார்கள். நான் வாங்கியது போலிக் கல் அல்ல என்பதுதான் இதில் பெரிய சிக்கல். கோவையில் பரிசோதித்தபோது, அது சூடேற்றி நிறம் கூட்டப்பட்ட, தரம் குறைந்த உண்மையான நீலம் என்றும், 15,000 ரூபாய்க்கு மேல் பெறாது என்றும் சொன்னார்கள். ரசீதில் எழுதிய பொருளே கையில் இருப்பதாலும், ரகசிய எண்ணை நானே கொடுத்ததாலும், பணத்தைத் திருப்பிக் கேட்ட என் முறையீட்டை வங்கி ஏற்கவில்லை.

தனியாகப் போகிறவர்கள் யாரோடும் பேசாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. நானே அப்படி இருக்கப் போவதில்லை. ஆனால் ஒன்றை இப்போது கவனிக்கிறேன். என் பயணங்களில் நிலைத்த நட்புகள் எல்லாம் ரயில் பெட்டி, விடுதிச் சமையலறை, மலை உச்சி போன்ற, இருவரும் வேறு காரணத்துக்காக வந்து சேர்ந்த இடங்களில் உருவானவை. அரண்மனை மதிலோரத்தில் என்னிடம் வந்தவருக்கோ என்னைத் தவிர அங்கே வேறு வேலை இருக்கவில்லை. நான் போகவிருந்த இடத்தை மூடியதாகச் சொல்லி, வேறு இடத்துக்கு வாகனமும் ஏற்பாடு செய்து தருகிறவர் எவ்வளவு கண்ணியமாகப் பேசினாலும், நன்றி கூறிவிட்டு நுழைவுச்சீட்டு விற்குமிடம் வரை நடந்துபோய் நேரில் பார்த்துவிடுங்கள். வழியில் சந்திக்கும் இரண்டாவது, மூன்றாவது ஆள் அதையே சொல்வதைத் தயவுசெய்து உறுதிப்பாடாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவர் யார் என்று பாருங்கள். கல் வாங்கத்தான் வேண்டுமென்றால், தாய்லாந்து அரசின் கீழ் இயங்கும் ரத்தின, ஆபரண ஆய்வு நிறுவனம் பாங்காக்கிலேயே இருக்கிறது. அதன் சான்றிதழ் வேறு, கடைக்காரர் தாமே அச்சடித்துத் தரும் சான்றிதழ் வேறு.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அதே நாளில் 1155 என்ற சுற்றுலாக் காவல்துறை எண்ணை அழையுங்கள், ஆங்கிலத்தில் பேசலாம். கடையின் பெயர், ரசீது, டுக்டுக்கின் எண், பேசியவர்களின் லைன் கணக்கு ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடுதிப் பெண் அன்றிரவே அழைக்கச் சொன்னார். ஒரு ஆசிரியை இப்படி ஏமாந்தேன் என்று காவலரிடம் சொல்ல வெட்கப்பட்டு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மறுநாள் நண்பகலில் எனக்கு விமானம். காலையில் நான் அழைத்தபோது, கடை திறந்ததும் ஒரு காவலர் உடன் வருவார் என்றார்கள். கடை திறக்கும் நேரமும் விமானத்துக்குப் புறப்பட வேண்டிய நேரமும் ஒன்றாக இருந்தன.