ஹெச்டி 600க்கு புது கேபிளா, புது இயர்பேடா?

சென்ஹைசர் ஹெச்டி 600 ஹெட்போன் வச்சிருக்கவங்க கையில காசு சேர்ந்ததும் கேபிளைத்தான் தேடுறாங்க, காதுமேல உட்கார்ற நுரை மெத்தையான இயர்பேடை கண்டுக்கவே மாட்டாங்க.

சவுண்டு
கேபிள்: ஹெட்போனோட இம்பீடன்ஸ் (மின்தடை மாதிரி) 300 ஓம், நல்ல வயரோட ரெசிஸ்டன்ஸ் ஒண்ணு ரெண்டு ஓமைத் தாண்டாது, அதனால வெள்ளிக் கம்பியே போட்டாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது.
பேடு: நுரை அமுங்க அமுங்க டிரைவர் (சவுண்டு வர்ற குட்டி ஸ்பீக்கர்) காதுகிட்ட வந்துடும், டோனே மாறிடும், புதுசு போட்டா உடனே தெரியும்.

உழைப்பு
கேபிள்: பார்த்து யூஸ் பண்ணா வருஷக்கணக்கா வரும்.
பேடு: தேயுற சாமான்தான்.

மாத்துறது ரெண்டுமே ஈஸி.

பிளக்கை ஆட்டுனா ஒரு பக்கம் கட்டாகுதா, இல்ல உங்க ஆம்ப்ளிஃபயர்ல பேலன்ஸ்டு அவுட் (இடது, வலதுக்கு முழுசா தனித்தனி வயர்ல சிக்னல் தர்ற சாக்கெட்) இருக்கா, கேபிள் வாங்குங்க. மத்த எல்லாருக்கும் பேடுதான், அதுவும் ஒரிஜினலே வாங்குங்க, லெதர் மாதிரி வேற எது போட்டாலும் ட்யூனிங் மாறிடும்.