எந்தத் தொடர் யார் கையில்? மங்காஅப்டேட்ஸ் தளம் குறித்து ஒரு மதிப்பீடு

ஜப்பானியப் படக்கதையான மங்கா தொடர் ஒன்றை ரசிகர் மொழிபெயர்ப்பாகச் செய்யலாம் என்று ஒரு குழு முடிவெடுப்பதற்கு முன்பு கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி, அதை வேறு யாராவது ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்களா என்பதுதான். இதற்கு விடை தேடி நான் பல ஆண்டுகளாகத் திறந்து பார்க்கும் இடம் மங்காஅப்டேட்ஸ். பழைய ஆட்கள் இன்றும் அதைப் பாகா-அப்டேட்ஸ் என்றே சொல்வார்கள். அடுத்த அத்தியாயம் வந்துவிட்டதா என்று பார்க்கவும், படித்தவை, படிக்க விரும்புபவை, பாதியில் நிறுத்தியவை என்று பட்டியல் போட்டு வைக்கவும்தான் வாசகர்கள் பெரும்பாலும் அதைப் பயன்படுத்துகிறார்கள். நான் பேச வந்தது அதைப் பற்றியல்ல. மொழிபெயர்ப்புக் குழுக்கள் ஒருவர் வேலையில் ஒருவர் குறுக்கிடாமல் இருக்க இந்தத் தளம் எவ்வளவு தூரம் துணை நிற்கிறது, எந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறது என்பதையே இங்கு எழுதுகிறேன்.

அங்கே எந்த அத்தியாயத்தையும் படிக்க முடியாது. அது ஒரு பதிவேடு மட்டுமே. எந்தத் தொடரின் எந்தத் தொகுதியில் எந்த அத்தியாயத்தை எந்தக் குழு வெளியிட்டது என்பது நாள்வாரியாக ஒவ்வொரு வரியாகப் பதிவாகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகளுக்கு மட்டுமே இடம் என்பதால், வேறு மொழியில் செய்பவர்களுக்கு அந்தப் பட்டியல் நேரடியாக உதவாது. ஆனாலும் ஆங்கிலப் பதிப்பிலிருந்து மறுபடி மொழிபெயர்ப்பவர்களுக்கு, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதை அறிய இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தொடருக்கான பக்கத்தை வாசிக்கத் தெரிந்துகொண்டால் அது நிறையப் பேசும். மூல நாட்டில் தொடர் முடிந்துவிட்டதா, இன்னும் வந்துகொண்டிருக்கிறதா என்று சொல்லும் பகுதி ஒன்று உண்டு. ரசிகர் மொழிபெயர்ப்பு முழுமையாக முடிந்துவிட்டதா என்பதற்கு ஆம், இல்லை என்று விடை தரும் பகுதி இன்னொன்று. ஒரு தொடர் மூலத்தில் பன்னிரண்டு தொகுதிகளோடு முடிந்திருக்கிறது, மொழிபெயர்ப்பு முடியவில்லை என்று இருந்தால், அடுத்து என் கண் போவது அதைச் செய்துவரும் குழுக்களின் பெயர்களுக்கும் கடைசி வெளியீட்டின் தேதிக்கும். மூன்று குழுக்களின் பெயர்கள் வரிசையாக இருந்து, முதல் குழு நான்காவது அத்தியாயத்திலும் இரண்டாவது குழு பதினோராவது அத்தியாயத்திலும் நின்றிருந்தால், அந்தத் தொடர் கைமாறிக் கைமாறி வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அந்தக் கைமாற்றம் பேசி வைத்து நடந்ததா, சொல்லாமல் எடுத்துக்கொண்டதா என்பதை மட்டும் அந்தப் பக்கம் சொல்லாது. எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிய வேண்டியதோ அதுதான்.

இதை நான் பிறர் தவறைப் பார்த்துக் கற்கவில்லை. ஒருமுறை நாங்கள் எடுக்க விரும்பிய சிறிய தொடர் ஒன்றின் பக்கத்தில் ஒரே ஒரு குழுவின் பெயர் இருந்தது. கடைசி வெளியீடு நிகழ்ந்து பதினொரு மாதங்கள் ஆகியிருந்தன. பதினொரு மாத மௌனம் என்றால் கைவிட்டதாகத்தான் பொருள் என்று எங்களுக்குள் பேசி முடித்துவிட்டு, அவர்களுக்கு ஒரு வரிகூட எழுதாமல் பதினான்காவது அத்தியாயத்தைத் தொடங்கினோம். அதில் இரண்டு பக்கங்களை இணைத்து வரைந்த ஒரு காட்சி இருந்தது. பறக்கும் கூந்தலின் மீதும் புகையின் மீதும் ஒலிக்குறிப்பு எழுத்துகள் பெரிது பெரிதாகப் படர்ந்திருக்கும். அந்த எழுத்துகளை அழித்து, அடியில் மறைந்த கூந்தல் கோடுகளை ஒவ்வொன்றாக மறுவரைவு செய்வதற்கு எங்கள் குழுவில் இருந்தவர் நான்கு இரவுகள் உட்கார்ந்தார். வெளியிட்ட மறுநாளே முந்தைய குழுவிலிருந்து கடிதம் வந்தது. தொகுதி முழுவதையும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும் என்று அவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பதினான்கிலிருந்து பத்தொன்பது வரை மொழிபெயர்ப்பு, அதைப் படங்களில் பொருத்தும் எழுத்துப்பதிப்பு எல்லாம் முடிந்து, இறுதித் திருத்தம் மட்டுமே மிச்சம் இருந்தது. கடிதத்தில் கோபம் இல்லை. 'ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த தேதியை நான் சரியாகத்தான் படித்திருந்தேன், ஆனால் அது வெளியீட்டின் தேதியே தவிர வேலை நின்ற தேதி அல்ல என்பதை யோசிக்கவில்லை.

பிறகு அவர்களோடு சேர்ந்து அந்தத் தொகுதியைக் கூட்டு வெளியீடாகக் கொண்டுவந்தோம். எங்களுடைய மறுவரைவை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், எங்களுடைய மொழிபெயர்ப்பை நாங்கள் விலக்கிக்கொண்டோம். முதல் அத்தியாயத்திலிருந்தே பாத்திரங்களின் விளிச்சொற்களுக்கும் மந்திரப் பெயர்களுக்கும் அவர்கள் ஒரு சொற்பட்டியல் வைத்திருந்ததால், அவர்களுடையது சீராகவும் எங்களுடையதைவிடச் சிறப்பாகவும் இருந்தது. இப்படிப்பட்ட கூட்டு வெளியீட்டை மங்காஅப்டேட்ஸ் ஒரே வரியில் இரு குழுக்களின் பெயரோடும் காட்டுகிறது. தொடரின் பக்கத்திலும் இரண்டு பெயர்களும் நிற்கின்றன. சம்பளமில்லாத வேலையில் பெயர் ஒன்றுதான் கிடைக்கும் கூலி என்பதால், அந்த ஒரு வரியை நான் இந்தத் தளத்தின் பெரிய நற்பண்பாகக் கருதுகிறேன்.

குழுக்களுக்கும் தனித்தனிப் பக்கங்கள் இருக்கின்றன. குழுவின் இணையதளம், தொடர்பு கொள்ளும் இடம், அது இயங்குகிறதா இல்லையா என்ற குறிப்பு, இதுவரை வெளியிட்டவை ஆகியவை அங்கே கிடைக்கும். இயங்குகிறது என்ற குறிப்பை அப்படியே நம்பிவிடக் கூடாது. பல குழுக்கள் அறிவிப்பு எதுவும் இல்லாமலே கலைந்துபோகின்றன, அதைத் திருத்த அங்கே ஆள் மிச்சம் இருப்பதில்லை. பழைய குழுக்களுக்கு ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை அறையின் பெயர் மட்டும் எஞ்சியிருக்கும். இன்றைக்கு எல்லோரும் டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலிக்குப் போய்விட்ட நிலையில் அந்த அறையைத் தட்டினால் திறக்க யாரும் இல்லை. நடைமுறையில் நான் செய்வது, அந்தக் குழு கடைசியாக வெளியிட்ட வேறு தொடர்களைப் பார்ப்பது. இந்தத் தொடரில் ஓராண்டாக அசைவில்லாமல், வேறு இரண்டு தொடர்களில் சென்ற மாதம்கூட அத்தியாயம் வந்திருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், கேட்டால் பதில் வரும் என்று பொருள். எல்லாமே ஒரே மாதத்தில் நின்றுபோயிருந்தால் குழு கலைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போதும் பழைய அத்தியாயங்களில் உழைத்தவர்களின் பெயர்களைச் சொல்லும் நன்றிப் பக்கத்தைப் பார்த்து, அந்த மொழிபெயர்ப்பாளர் இப்போது எந்தக் குழுவில் இருக்கிறார் என்று தேடினால், பத்தில் சில முறையாவது ஆள் கிடைத்துவிடுகிறார்.

கேட்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. 'நீங்கள் செய்யவில்லை என்றால் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்று எழுதினால் அது மிரட்டல் போலத்தான் ஒலிக்கும். எந்த அத்தியாயத்திலிருந்து தொடர நினைக்கிறோம், எங்களிடம் மூலப் பக்கங்கள் இருக்கின்றனவா, எங்களில் யார் எந்த வேலை செய்கிறோம், இதுவரை என்ன முடித்திருக்கிறோம் என்பதையெல்லாம் சொல்லி, சேர்ந்து செய்யலாமா அல்லது விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்க வேண்டும். இரண்டு வாரம் காத்திருந்து, மறுபடி ஒருமுறை எழுதி, அதற்கும் பதில் இல்லையென்றால் தொடங்குவது தவறல்ல என்பது என் கருத்து. ஒரு தொடரை முதலில் தொட்டவருக்கு அது என்றென்றும் சொந்தம் என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. நம்மில் யாருக்குமே அந்தத் தொடர் சொந்தம் அல்ல. இந்த நாகரிகம் எல்லாம் காக்க நினைப்பது, ஒருவர் நான்கு இரவுகள் உட்கார்ந்து செய்ததை இன்னொருவரும் அறியாமல் நான்கு இரவுகள் உட்கார்ந்து செய்யக் கூடாது என்பதைத்தான். செய்யாமலே பிடித்து வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு எதற்கு?

அழகாகக் கைமாற்றியவர்களும் உண்டு. தேர்வுகளின் சுமையால் விலகிய ஒரு குழுத் தலைவி, நான் எழுதிய கடிதத்துக்கு மறுநாளே பதில் அனுப்பி, ஒரு முழுக் கோப்புறையையும் எங்களிடம் ஒப்படைத்தார். சுத்தம் செய்த பக்கங்கள், எந்தப் பாத்திரத்தின் உரையாடலுக்கு எந்த எழுத்துரு என்ற குறிப்பு, சொற்பட்டியல், பாதி முடிந்த இரண்டு அத்தியாயங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஒரு பாத்திரம் தன் அண்ணனை எப்போதும் பெயர் சொல்லி அழைப்பதில்லை, ஏழாவது தொகுதியில் அதற்குக் காரணம் வரும், அதுவரை எந்த இடத்திலும் பெயரைப் போட்டுவிடாதீர்கள் என்று தனியாக எழுதி வைத்திருந்தார். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் ஐந்தாவது தொகுதியிலேயே நாங்கள் கதையைக் கெடுத்திருப்போம். மங்காஅப்டேட்ஸில் இந்தக் கைமாற்றம் வெறும் ஒரு வரியாகத்தான் தெரிகிறது, முப்பத்தொன்று வரை ஒரு பெயர், முப்பத்திரண்டு முதல் வேறு பெயர். இவருடைய வாழ்த்தோடு அவர் எடுத்துக்கொண்டார் என்று பதிவு செய்ய ஓரிடம் வேண்டும். அதைப் பார்த்துப் புதியவர்களும் பழகுவார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க மங்காடெக்ஸ் தளத்தைச் சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் பாட்டோட்டோ என்ற மங்கா வாசிப்புத் தளம் மூடப்பட்டபோது தோன்றிய தளம் அது. அங்கே அத்தியாயங்களைப் படிக்கவே முடியும் என்பதால், குழுக்களுக்கு இடையிலான உறவைச் சில வசதிகளாகவே கட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு குழுவின் பெயரில் உறுப்பினர்கள் மட்டுமே பதிவேற்றலாம் என்று பூட்டி வைக்கலாம். அத்தியாயம் முதலில் குழுவின் சொந்தத் தளத்தில் வந்து, சில நாள் கழித்தே இங்கு திறக்க வேண்டும் என்று தாமதம் வைக்கலாம். அதற்கு முன்பெல்லாம் யாரோ ஒருவர் எடுத்துவந்து பதிவேற்றிவிட, குழுக்கள் தங்கள் படங்களின் குறுக்கே பெரிய முத்திரை குத்தி ஓவியத்தையே பாழாக்கிக்கொண்டிருந்ததை நினைத்தால், இது பெரிய ஆறுதல். ஒரே மொழியில் ஒரே அத்தியாயத்தை இரு குழுக்கள் செய்திருந்தால் இரண்டும் அருகருகே நிற்கும். ஸ்னைப் என்று எங்கள் வட்டத்தில் சொல்லப்படும் முந்திக்கொள்ளுதலை அந்தத் தளம் தடுப்பதில்லை. பல குழுத் தலைவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. யார் முதலில் என்பதை ஒரு தளம் தீர்ப்பளிக்கத் தொடங்கினால், அவசர அவசரமாக முதல் அத்தியாயத்தை மட்டும் போட்டு இடம் பிடித்துவைப்பவர்களே பெருகுவார்கள்.

மறுமொழிபெயர்ப்பில்தான் அதிகக் காயங்கள் நேர்கின்றன. ஆங்கிலக் குழு சுத்தம் செய்த பக்கங்களை எடுத்து, தங்கள் மொழியில் எழுத்துப்பதித்து வெளியிடும் குழுக்கள் பல மொழிகளில் உண்டு. பெரும்பாலான ஆங்கிலக் குழுக்கள் கேட்டால் எழுத்தில்லாத பக்கங்களையே கொடுத்துவிடுவார்கள், நன்றிப் பக்கத்தில் பெயரை வையுங்கள் என்பது மட்டுமே நிபந்தனையாக இருக்கும். எங்கள் பக்கங்களை எடுத்த ஒரு குழு எங்கள் நன்றிப் பக்கத்தை நீக்கிவிட்டு, அந்த மறுவரைவைத் தாங்களே செய்ததாக எழுதியிருந்தது. நான்கு இரவுகள் உட்கார்ந்த அதே நபர் அதன் பிறகு ஆறு மாதம் தூரிகையைத் தொடவில்லை. ஒரு தொடரின் ஆங்கிலக் குழு எது என்பதை மங்காஅப்டேட்ஸ் அரை நிமிடத்தில் காட்டிவிடும்போது, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்ற சமாதானம் செல்லாது.

உரிமம் பற்றிய பகுதியைக் குறிப்பிடாமல் இந்த மதிப்பீடு முழுமையாகாது. ஆங்கிலத்தில் உரிமம் பெறப்பட்டதா, பெற்ற பதிப்பகம் எது என்பதைத் தொடரின் பக்கம் வெளிப்படையாகச் சொல்கிறது. அனுமதியில்லாத ரசிகர் மொழிபெயர்ப்பு சட்டப்படி பதிப்புரிமை மீறல்தான். உரிமம் வாங்கப்பட்ட நாளிலேயே நிறுத்திவிட வேண்டும் என்பது ஜப்பானிய அசைபடங்களை ஒளிநாடாவில் மொழிபெயர்த்த வசன வரிகள் சேர்த்துப் பகிர்ந்த காலத்து ஃபேன்சப் என்னும் ரசிகர் குழுக்கள் வகுத்துக்கொண்ட வழக்கம். இப்போது அது தேய்ந்துவிட்டது. 2025 மே மாதத்தில் பதிப்பகங்களின் கோரிக்கையால் மங்காடெக்ஸிலிருந்து 700க்கும் மேற்பட்ட தொடர்கள் ஒரேயடியாக நீக்கப்பட்டன. புதிய தொடரை எடுக்கும் முன் உரிமம் என்ற வரியைப் பார்ப்பதை எங்கள் குழுவில் கட்டாயமாக்கியிருக்கிறோம். இருந்தால் எடுப்பதில்லை, இடையில் உரிமம் வந்தால் நிறுத்திவிட்டு வாசகர்களுக்கு அந்தப் பதிப்பை வாங்கச் சொல்கிறோம். படைப்பாளிக்குச் செய்யும் மரியாதை அதுதான்.

தளத்தின் தோற்றம், தேடலின் வேகம் ஆகியவற்றைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை, வேலைக்குப் போதும். தகவல்களைப் பயனர்களே சேர்ப்பதால், அதிகம் பேர் படிக்காத தொடர்களின் பக்கங்களில் விடுபடல்கள் உண்டு. நீங்கள் வெளியிட்டதை நீங்களே பதிவு செய்துவிடுவது நல்லது. அதோடு உங்கள் குழுவின் பக்கத்தில் இன்று வேலை செய்யும் தொடர்பு முகவரி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பதினொரு மாதமாக ஒரு தொடரை அமைதியாகச் செய்துகொண்டிருப்பவராக இருந்தால், நாளை யாரோ எழுதப்போகும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும்.