தெருவோடு ஒட்டுவது எது: இ-சைக்கிளா, இ-ஸ்கூட்டரா?

கடை, கோயில், ட்யூஷன் என்று நாலு கிலோமீட்டருக்குள் சுற்றுகிறவருக்கு இரண்டுமே போதும். அக்கம்பக்கத்தாரோடு பழகவைப்பதில்தான் வித்தியாசம்.

250 வாட் மோட்டாரும் மணிக்கு 25 கி.மீ. உச்ச வேகமும் கொண்ட இ-சைக்கிளுக்கு லைசென்ஸ், பதிவெண் எதுவும் வேண்டாம். கீரைக்காரம்மா கூப்பிட்டால் அங்கேயே காலூன்றி நிற்கலாம். 36 வோல்ட், 10 ஆம்பியர்-அவர் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் சார்ஜ் போட்டால் அரை யூனிட் அளவுதான் ஆகும். பஞ்சருக்குத் தெருமுனை சைக்கிள் கடையே போதும். ஆனால் பக்கத்திலேயே நில்லுங்கள். மோட்டார் பின்சக்கரத்தில் இருந்தால், கழற்றுமுன் ஒயர் கனெக்டரைப் பிரிக்க வேண்டும். திரும்ப மாட்டும்போது டார்க் வாஷரின் (ஆக்சிலைச் சுழலவிடாமல் பிடிக்கும் வளையம்) நாக்கு ஃபிரேம் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். இல்லாவிட்டால் ஆக்சில் சுழன்று ஒயரை அறுத்துவிடும். பிரேக் லீவர் உடைந்தால் சாதாரண லீவர் போட விடாதீர்கள். பிரேக் பிடித்ததும் மோட்டாரை நிறுத்தும் சென்சார் போய்விடும்.

பதிவெண் உள்ள இ-ஸ்கூட்டர்களில் பலவற்றுக்குப் பேட்டரி கழற்ற வராது. அபார்ட்மென்ட்டில் சண்டை தொடங்குவது இங்கேதான்: பொது மீட்டரில் சார்ஜ் போட்டால் சங்கக் கூட்டத்தில் உங்கள் பெயர்தான் அடிபடும். சொந்த மீட்டரிலிருந்து 4 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், தனி எம்சிபி (மின்சாரம் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), முறையான எர்த் என்று லைன் இழுத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம், பிளக்கின் பின் சூடேறி உருகும்.

அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுப் பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஸ்கூட்டர்தான். சங்கம் லைன் இழுக்கச் சம்மதிக்காத இடத்தில், யோசிக்காமல் சைக்கிளை வாங்கலாம்.